இரண்டு வாரம் மூத்தவர்

நரேன் கார்த்திகேயன் என்ற பெயரோடு 'முதல் இந்தியர்' என்ற அடைமொழியும் ஒட்டிக்கொண்டே வருகிறது. பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் அவர் என்பதில் ஐயமில்லை. 2005 மார்ச்சில் மெல்போர்னில் ஜோர்டான் அணிக்காக ஓட்டிப் பதினைந்தாவதாக வந்தார். ஆனால் 'முதல்' என்ற சொல்லுக்கு ஒரு தீய குணம் உண்டு. போய்ச் சேர்ந்த இடத்தை மட்டும் காட்டிவிட்டு, நடந்து வந்த வழியை மறைத்துவிடும். அந்த வழியைப் பற்றியே இங்கு பேச விழைகிறோம். அதற்கு அவரை ஒரு ஜப்பானியரின் அருகில் நிறுத்திப் பார்ப்பது உதவும்.

நரேன் பிறந்தது 1977 ஜனவரி 14, பொங்கலையொட்டி. டகுமா சாட்டோ டோக்கியோவில் பிறந்தது அதே மாதம் 28ஆம் தேதி. இரண்டு வார இடைவெளி. பின்னாளில் இருவரும் ஒரே போட்டியில், ஒரே ஓடுதளங்களில், சில சமயம் ஒரே அணியின் பட்டறையில் முன்பின்னாகப் புழங்கினார்கள். ஜோதிடம் பார்ப்பவர்கள் இதற்கு என்ன சொல்வார்களோ, நமக்குத் தெரியாது.

தேவாரத்தில் இருந்துகொண்டு இதை எழுதும் எங்களுக்குக் கார்ப் பந்தயம் தூரத்து விஷயம். நாங்கள் கண்ணால் கண்ட ஓட்டுநர்கள், விடியும் முன்பே ஏலத்தோட்ட வேலையாட்களை ஏற்றிக்கொண்டு மலையேறும் ஜீப்புக்காரர்கள்தாம். போடிமெட்டின் கொண்டை ஊசி வளைவுகளில் அவர்கள் கியர் மாற்றும் லாவகத்தைப் பார்த்தவர்கள், வேகம் என்பது அழுத்துவதில் இல்லை, எப்போது விட வேண்டும் என்று அறிவதில் இருக்கிறது என்பதை எளிதில் ஒப்புக்கொள்வார்கள். கைத்திறன் எங்கும் இருக்கிறது. ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. அதற்கு ஒரு பட்டறை நகரம் வேண்டும். தமிழ்நாட்டில் அந்த நகரம் கோவை.

கோவையின் ஆலைத்தொழில் குடும்பமொன்றில் பிறந்த எஸ். கரிவரதனை இன்று பந்தய உலகத்துக்கு வெளியே நினைப்பவர்கள் குறைவு. மாருதி 800 காரின் சின்னஞ்சிறு எஞ்சினைக் கொண்டு, 1980களின் பிற்பகுதியில் அவர் ஒற்றை இருக்கைக் கார்களை உருவாக்கினார். அதிலிருந்தே 'பார்முலா மாருதி' என்ற பந்தய வகை பிறந்தது. அதற்கு முன் சென்னைக்கு வடக்கே, சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களுக்கு அவரவர் கைக்கும் பைக்கும் எட்டிய வண்டிகளே வந்தன. 1990இல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் முறையான ஓடுதளம் அமைந்தது. மலிவான கார் ஒன்று, முறையான தளம் ஒன்று. இவ்விரண்டும் ஒரே காலத்தில் கூடியிராவிட்டால் நரேனின் கதை அப்பாவின் கேரேஜிலேயே முடிந்திருக்கும் என்பது எங்கள் கணிப்பு. அப்பா ஜி.ஆர். கார்த்திகேயன் தேசிய ராலி சாம்பியனாக இருந்தவர். கரிவரதன் 1995இல் வான்விபத்தில் இறந்தார். கோவை செட்டிபாளையத்திலுள்ள ஓடுதளம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நரேன் 1992இல், பதினைந்து வயதில், பிரான்சின் வின்ஃபீல்ட் பந்தயப் பள்ளிக்குப் போனார். திரும்பி வந்து பார்முலா மாருதி ஓட்டினார். பிறகு இங்கிலாந்து. 1994இல் அங்கே பார்முலா ஃபோர்ட் குளிர்காலத் தொடரை வென்றார். 1996இல் பார்முலா ஆசியா சாம்பியன். படிகளை இப்படி வரிசையாகச் சொன்னால் ஏணி போலத் தோன்றும். உண்மையில் ஒவ்வொரு படிக்கும் தனியாகப் பணம் கட்ட வேண்டும். இளநிலைப் பந்தயங்களில் அணி ஓட்டுநருக்குச் சம்பளம் தருவதில்லை, ஓட்டுநர்தான் அணிக்குப் பணம் கொண்டுவர வேண்டும். 1998இல் கார்லின் அணியுடன் பிரிட்டிஷ் பார்முலா திரீயில் நுழைந்தபோது நரேன் ஓட்டியது சில சுற்றுகளே. அடுத்த ஆண்டு பிராண்ட்ஸ் ஹாட்ச்சில் இரண்டு வெற்றிகள் பெற்றார்.

சாட்டோவின் பாதை வேறு. பல்கலைக்கழக நாட்களில் அவர் மிதிவண்டிப் பந்தய வீரர். காரைத் தொட்டதே தாமதமாக, ஏறக்குறைய இருபது வயதில். நரேனைவிடப் பல ஆண்டுகள் பின்தங்கியவர் என்றே சொல்ல வேண்டும். ஆனால் 1997இல் அவர் சேர்ந்தது சுசூகா பந்தயப் பள்ளியில். சுசூகா ஓடுதளம் ஹோண்டா நிறுவனம் 1962இல் கட்டியது. பள்ளியில் சிறந்து தேறியவருக்கு ஹோண்டாவின் உதவித்தொகை கிடைத்தது. பின்தொடங்கியவர் முன்சென்றதன் காரணத்தைத் திறமையில் மட்டும் தேடுவது நியாயமாகாது.

2000ஆம் ஆண்டு பிரிட்டிஷ் பார்முலா திரீ பட்டியலைப் பாருங்கள். அன்டோனியோ பிட்ஸோனியா முதலிடம், தோமஸ் ஷெக்டர் இரண்டாமிடம், சாட்டோ மூன்று, நரேன் நான்கு. அந்த ஆண்டு நரேன் ஸ்பாவிலும் கொரியாவிலும் நடந்த பன்னாட்டு பார்முலா திரீ பந்தயங்களை வென்றார். வீடுகளுக்கும் மதில்களுக்கும் இடையே ஓடும் மக்காவ் தெருப் பந்தயத்தில் முதல் வரிசையின் முதலிடத்திலிருந்து புறப்பட்டார். கோப்பை உள்ளூர்க்காரர் ஆந்த்ரே கோட்டோவுக்குப் போனது. நரேனின் வாழ்வில் உச்சம் எது என்று எங்களைக் கேட்டால் அந்த 2000ஐத்தான் சொல்வோம். அப்போது தமிழ் நாளிதழ்களில் அதற்குக் கிடைத்த இடம் பெரிதல்ல.

அதன் பிறகு பாதைகள் குறுக்காக வெட்டிக்கொண்டன. 2001இல் சாட்டோ இங்கிலாந்திலேயே இருந்து, நரேனின் பழைய கார்லின் அணிக்காக பார்முலா திரீ பட்டத்தையும் மக்காவையும் வென்றார். நரேன் சாட்டோவின் நாட்டுக்குப் போய் பார்முலா நிப்பான் ஓட்டினார். ஜூனில் சில்வர்ஸ்டோனில் ஜாகுவார் காரைச் சோதனைக்கு ஓட்டி, பார்முலா ஒன் காரோட்டிய முதல் இந்தியரானார். சாட்டோ 2002இல் ஜோர்டானில், ஹோண்டா எஞ்சினுடன், பார்முலா ஒன்னுக்கு வந்துவிட்டார். நரேன் டாடாவின் ஆதரவோடு நிசான் தொடர்களில் ஓட்டி, அதே ஜோர்டான் இருக்கைக்கு வர மூன்று ஆண்டுகள் பிடித்தன.

இண்டியானாபொலிஸைச் சொல்லாமல் தீராது. 2004 அமெரிக்கப் பந்தயத்தில் சாட்டோ மூன்றாவதாக வந்து மேடையேறினார். 2005 ஜூன் 19 அன்று அதே தளத்தில், மிஷெலின் டயர்கள் சாய்தள வளைவைத் தாங்காது என்று தெரிந்ததால், பதினான்கு கார்கள் அறிமுகச் சுற்றோடு ஒதுங்கிவிட்டன. அவற்றில் ஒன்றில் சாட்டோ இருந்தார். பிரிட்ஜ்ஸ்டோன் டயரிட்ட ஆறு கார்கள் மட்டும் ஓடின. நரேன் நான்காவது, ஐந்து புள்ளிகள். பார்முலா ஒன்னில் இந்தியர் ஒருவர் பெற்ற புள்ளிகள் அவை மட்டுமே. 2010இல் வந்த சென்னைக்காரர் கருண் சந்தோக்குக்கும் புள்ளி கிட்டவில்லை. ஆறு பேர் ஓடிய பந்தயம் என்று அதைக் கேலி செய்வோர் உண்டு. அங்கே இருக்க வேண்டுமானால் அதற்கு முந்தைய பதின்மூன்று ஆண்டுகளைக் கடந்திருக்க வேண்டும் என்பதைக் கேலி செய்பவர்கள் கணக்கில் கொள்வதில்லை.

சாட்டோ அமெரிக்காவுக்குப் பெயர்ந்து, அதே இண்டியானாபொலிஸில் 2017இலும் 2020இலும் ஐந்நூறு மைல் பந்தயத்தை வென்றார். நரேன் 2011, 2012 ஆண்டுகளில் எச்.ஆர்.டி. அணியின் மெதுவான காரில் ஓட்டினார். 2011 அக்டோபரில் புத் தளத்தில் நடந்த முதல் இந்தியப் பந்தயமும் அதில் சேரும். 2014இல் மீண்டும் ஜப்பானுக்குப் போனார். 2019 நவம்பரில் ஃபுஜியில் ஜப்பானிய, ஜெர்மானியத் தொடர்களின் கார்கள் சேர்ந்து ஓடிய பந்தயத்தில் வெற்றி பெற்றபோது அவருக்கு வயது நாற்பத்திரண்டு. அணியின் உரிமையாளர் சட்டோரு நகாஜிமா, 1987இல் பார்முலா ஒன்னுக்கு வந்த ஜப்பானியர். கார் ஹோண்டாவினுடையது.