ஹெர்ப்பிஸ்: "யார் கொடுத்தது?" என்ற கேள்விக்குப் பரிசோதனை பதில் சொல்லுமா?

இரண்டு ஆண்டுகளாக ஒருவரோடு மட்டுமே உறவில் இருக்கிறீர்கள். திடீரென்று ஒருநாள் பிறப்புறுப்புப் பகுதியில் சின்னச் சின்னக் கொப்புளங்கள், எரிச்சல். மருத்துவரைப் பார்க்கிறீர்கள். "ஹெர்ப்பிஸ்" என்கிறார்.

வீடு திரும்பும் வழியெல்லாம் மனத்தில் ஒரே கேள்வி: "எனக்கு எப்படி வந்துச்சு? அப்போ அவர் வேற யாரோடயோ...?"

கொஞ்சம் பொறுங்கள். துணையிடம் அந்தக் கேள்வியைக் கேட்பதற்குமுன், இந்தக் கிருமி எப்படிச் செயல்படுகிறது என்பதைத் தெரிந்துகொள்வோம்.

ஹெர்ப்பிஸ் என்றால் என்ன?

ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸ் எனும் கிருமியால் வரும் தொற்று இது. அதில் இரண்டு வகை உண்டு.

- எச்எஸ்வி-1: பெரும்பாலும் உதட்டைச் சுற்றிக் கொப்புளங்களை உண்டாக்கும். சிறுவயதில் குடும்பத்தார் கொடுத்த முத்தத்தில்கூட இது தொற்றியிருக்கலாம்.
- எச்எஸ்வி-2: பெரும்பாலும் பிறப்புறுப்பைப் பாதிக்கும். உடலுறவின்வழி பரவும்.

ஆனால் வாய்வழி உறவின்போது எச்எஸ்வி-1 பிறப்புறுப்புக்கும் பரவும். அதாவது உங்கள் துணைக்கு எப்போதாவது உதட்டில் வரும் கொப்புளமே காரணமாக இருக்கலாம்.

இது அபூர்வமான நோய் இல்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டின்படி, 50 வயதுக்குட்பட்டோரில் சுமார் 3.8 பில்லியன் பேருக்கு எச்எஸ்வி-1 உள்ளது. அது 64 விழுக்காடு. 15 வயதிலிருந்து 49 வயதுக்குட்பட்டோரில் சுமார் 520 மில்லியன் பேருக்கு எச்எஸ்வி-2 உள்ளது.

"பாட்டி சொல்ற அக்கியும் இதுதானா?"

இல்லை. அக்கிக்கு மருத்துவத்தில் ஹெர்ப்பிஸ் ஸோஸ்டர் என்று பெயர். பெயர் ஒன்றுபோல் இருந்தாலும் கிருமி வேறு. சின்னம்மை வந்தவர்களின் உடலில் தங்கிவிடும் கிருமி பிறகு தலைதூக்கும்போது அக்கி வருகிறது. அது பாலியல் நோய் அல்ல.

எப்படிப் பரவும்?

தோலோடு தோல் உரசும்போது பரவும். கொப்புளம் இருக்கும்போது ஆபத்து மிக அதிகம். ஆனால் எதுவுமே தெரியாத நாள்களிலும் கிருமி தோலின் மேற்பரப்புக்கு வந்து போகும். அப்போதும் பரவக்கூடும். தொற்று உள்ளவர்களில் பலருக்கு அறிகுறியே இருக்காது. இருந்தாலும் பூச்சிக்கடி, சவரம் செய்த காயம் என்று நினைத்து விட்டுவிடுவார்கள்.

கழிப்பறை இருக்கை, நீச்சல்குளம், துண்டு ஆகியவற்றால் வந்துவிடுமோ என்று பயப்பட வேண்டியதில்லை. உடலுக்கு வெளியே இந்தக் கிருமி அதிக நேரம் தாக்குப்பிடிக்காது.

அப்படியானால், எப்போது தொற்றியது?

தொற்றிய 2 முதல் 12 நாள்களுக்குள் சிலருக்கு அறிகுறிகள் தெரியும். வேறு சிலருக்கு அப்போது ஒன்றுமே தெரியாது. கிருமி நரம்பு முடிச்சுகளில் அமைதியாகத் தங்கிவிடும். பல மாதங்கள், ஏன், பல ஆண்டுகள் கழித்துக்கூட முதல் கொப்புளம் தோன்றலாம்.

ஆகவே இன்று வந்த கொப்புளம், போன வாரம் நடந்த துரோகத்துக்கு ஆதாரம் ஆகாது. இந்த உறவு தொடங்குவதற்கு முன்பே உங்களில் ஒருவருக்குத் தெரியாமல் தொற்றியிருக்கலாம். அந்த ஒருவர் நீங்களாகவும் இருக்கலாம்.

பரிசோதனை என்ன சொல்லும்?

இரண்டு விதமான பரிசோதனைகள் உள்ளன.

1. புண்ணிலிருந்து மாதிரி எடுப்பது: பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்து பிசிஆர் முறையில் சோதிப்பார்கள். எந்த வகைக் கிருமி என்பதையும் அது காட்டும். கொப்புளம் புதிதாக இருக்கும்போதே போவது நல்லது. காயத் தொடங்கிவிட்டால், கிருமி இருந்தும் "இல்லை" என்று முடிவு வரலாம்.

2. ரத்தப் பரிசோதனை: கிருமியைத் தேடாது. அதற்கு எதிராக உடல் உருவாக்கிய எதிர்ப்புப் புரதங்களைத் தேடும். அவை உருவாகச் சில வாரங்கள் ஆகும். சிலருக்கு 3 மாதங்களுக்கு மேலும் ஆகலாம். அதற்குமுன் வரும் "இல்லை" என்ற முடிவை நம்பிவிட முடியாது.

ரத்தப் பரிசோதனைக்கு வேறு சில குறைகளும் உண்டு. எச்எஸ்வி-1 இருப்பதாகக் காட்டினால், அது வாயில் உள்ளதா பிறப்புறுப்பில் உள்ளதா என்று அதற்குத் தெரியாது. முடிவு மிகக் குறைந்த அளவில் "உண்டு" என்று வந்தால் அது தவறாகவும் இருக்கலாம். வேறொரு முறையில் உறுதிசெய்ய வேண்டும். அறிகுறி இல்லாத எல்லாருக்கும் இந்தப் பரிசோதனை பொதுவாகப் பரிந்துரைக்கப்படாததற்கு இதுவும் ஒரு காரணம்.

அதனால்தான் வழக்கமான பாலியல் நோய்ப் பரிசோதனைத் தொகுப்புகள் பலவற்றில் ஹெர்ப்பிஸ் சேர்க்கப்படுவதில்லை. "நான் எல்லா டெஸ்ட்டும் எடுத்துட்டேன், கிளியர்" என்று துணை சொன்னது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அதில் ஹெர்ப்பிஸ் இருந்ததா என்று அவருக்கே தெரியாமல் இருந்திருக்கலாம்.

இரண்டு பரிசோதனைகளையும் சேர்த்துப் பார்க்கும்போது, தொற்று புதியதாக இருக்குமா என்று மருத்துவர் சில நேரம் ஊகிக்கலாம். ஆனால் யாரிடமிருந்து வந்தது என்று எந்தப் பரிசோதனை அறிக்கையிலும் எழுதியிருக்காது.

இனி என்ன செய்யலாம்?

கிருமியை உடலிலிருந்து முழுமையாக நீக்கும் மருந்து இல்லை. கட்டுப்படுத்த மருந்து உண்டு.

- அசைக்ளோவிர், வாலாசைக்ளோவிர் போன்ற மாத்திரைகள் கொப்புளம் சீக்கிரம் ஆற உதவும்.
- தினமும் மாத்திரை எடுத்துக்கொண்டால், கொப்புளம் திரும்ப வருவதும் துணைக்குப் பரவுவதும் குறையும். எச்எஸ்வி-2 பற்றிய ஓர் ஆய்வு 2004இல் வெளியானது. தினமும் வாலாசைக்ளோவிர் எடுத்தபோது துணைக்குத் தொற்றும் ஆபத்து கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்ததாக அது காட்டியது.
- ஆணுறை ஆபத்தைக் குறைக்கும். அது மூடாத தோல்பகுதியிலும் கிருமி இருக்கலாம் என்பதால் முழுப் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது.
- கொப்புளம் இருக்கும்போதும், அது வருவதற்கு முன் வரும் கூச்சம், அரிப்பு தெரியும்போதும் உறவைத் தவிர்த்துவிடுங்கள். உதட்டில் கொப்புளம் இருந்தால் முத்தமும் வாய்வழி உறவும் வேண்டாம்.

கர்ப்பமாக இருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் முதன்முறையாகத் தொற்றினால், பிரசவத்தின்போது குழந்தைக்குப் பரவும் ஆபத்து அதிகம். பழைய தொற்று என்றால் அந்த ஆபத்து மிகக் குறைவு.

துணையிடம் எப்படிச் சொல்வது?

படுக்கையறையில் வேண்டாம். சண்டைக்கு நடுவிலும் வேண்டாம். இருவரும் நிதானமாக இருக்கும் நேரத்தில் பேசுங்கள். "நீதானே கொடுத்தே?" என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். "எனக்கு இது இருக்குன்னு டாக்டர் சொன்னார். எப்போ வந்ததுன்னு தெரியாது. நீயும் ஒருமுறை டாக்டரைப் பார்த்துப் பேசு" என்று சொல்லிப் பாருங்கள்.

சிங்கப்பூரில் கிளந்தான் லேனில் உள்ள டிஎஸ்சி மருந்தகம் பாலியல் நோய்த்தொற்றுகளுக்கான சிறப்பு மருந்தகம். வழக்கமாகச் செல்லும் குடும்ப மருத்துவரிடமும் ஆலோசனை கேட்கலாம். இருவரும் சேர்ந்தே போகலாம்.

துணை உங்களிடம் உண்மையாக இருக்கிறாரா என்ற சந்தேகம் வேறு காரணங்களால் ஏற்கெனவே இருந்தால், அதை நேரடியாகப் பேசித்தான் தீர்க்க வேண்டும். அதற்கான பதிலை ஒரு கொப்புளத்திடமோ ரத்தப் பரிசோதனை அறிக்கையிடமோ கேட்காதீர்கள். அவற்றுக்கு அது தெரியாது.