கஞ்சித் தொட்டி

மாணவ நண்பர்களே, இராயபுரம் கல்மண்டபத்து முதியோரிடம் ஸ்டான்லி மருத்துவமனைக்கு வழி கேட்டுப் பாருங்கள். "கஞ்சித் தொட்டி ஆசுபத்திரியா?" என்று திருப்பிக் கேட்பர். அப்பகுதியில் வளர்ந்த நான் சிறு வயதில் அப்பெயரைக் கேட்டு நகைத்ததுண்டு. ஆசிரியனான பின்னர் மாணவன் ஒருவன் அதன் காரணத்தை வினவினான். விடையறிந்த அன்று என் பழைய நகைப்புக்கு நாணினேன்.

1780ஆம் ஆண்டு, மைசூரை ஆண்ட ஹைதர் அலிக்கும் ஆங்கிலக் கம்பெனியாருக்கும் போர் மூண்டது. அவருடைய படைகள் கர்நாடகப் பகுதிக்குள் நுழைந்தன. வயல்கள் பாழாயின, பஞ்சம் தொடர்ந்தது. ஊரிழந்த மக்கள் சென்னைப் பட்டினத்தில் அடைக்கலம் புகுந்தனர். இன்று நாம் அகதிகள் என்று அழைப்பது இத்தகையோரையே. அவர்களுக்குக் கஞ்சி வார்க்க 1782இல் மணியக்காரர் சத்திரம் எழுந்தது. மக்கள் நாவில் அதுவே கஞ்சித் தொட்டி ஆயிற்று.

பசி தணிந்தால் மட்டும் போதுமா? மக்கள் நெருங்கி வாழுமிடத்தில் நோயும் நெருங்கும். 1799இல் ஜான் அண்டர்வுட் என்னும் மருத்துவர் ஏழைகளுக்கென ஒரு மருத்துவமனை தொடங்கினார். சத்திரமும் மருத்துவமனையும் பின்னர் ஒன்றாக இணைந்து வளர்ந்தன. அம்மரபில் வந்ததே 1938இல் உருவான ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி.

தண்ணீரின் கதை வேறு. கஞ்சித் தொட்டிக்குப் பத்தாண்டு முன்னரே, 1772இல், கேப்டன் பேக்கரின் திட்டப்படி ஏழு கிணறு அமைந்தது. ஆயினும் அந்நீர் கோட்டைக்கென்றே எடுக்கப்பட்டது. செங்குன்றம் ஏரி நீர் நகருக்கு வந்தது 1872இல்; கீழ்ப்பாக்கத்தில் அதனை மணலில் வடிகட்டி வழங்கத் தொடங்கியது 1914இல். முதலிற் கஞ்சி, அடுத்து மருந்து, கடைசியில் தூய நீர்! இவ்வரிசை தலைகீழானது என்பதே நான் கூற வந்தது.

1854இல் இலண்டனில் காலரா பரவியபோது, அது குடிநீர் வழியே பரவுகிறது என்று ஜான் ஸ்னோ காட்டினார். அப்பாடத்தை உலகம் முழுதும் கற்றதா? 1994இல் ருவாண்டாவிலிருந்து இலட்சக்கணக்கானோர் உயிருக்கு அஞ்சி கோமா நகருக்கு ஓடினர். முதல் மாதத்திலேயே ஏறத்தாழ 50,000 பேர் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோரைக் கொன்றது வாளன்று. அசுத்த நீர் தந்த காலராவும் சீதபேதியுமே.

அத்துயருக்குப் பின் உலகத் தொண்டு நிறுவனங்கள் ஓர் அளவுகோல் வகுத்தன. முகாமில் ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் நீர். 250 பேருக்கு ஒரு குழாய். நீரில் கிருமி கொல்லும் அளவுக்குக் குளோரின். உங்கள் வீட்டுக் குடம் ஒன்று கொள்ளும் நீரே ஏறத்தாழ ஒருவருக்கான அப்பங்கு. குடிப்பதும் சமைப்பதும் குளிப்பதும் துவைப்பதும் அதற்குள் அடங்க வேண்டும்.

மாணவர்களே, கஞ்சித் தொட்டி என்பது நகைப்புக்குரிய பெயரன்று. அடைக்கலம் தேடி வந்தோருக்கு ஒரு நகரம் கதவைத் திறந்ததன் நினைவு அது. நாளை நீங்கள் மருத்துவராகலாம், பொறியாளராகலாம், அதிகாரியாகலாம். அடைக்கலம் புகுவோர் உங்கள் வாயிலுக்கும் வருவர். அன்று கஞ்சிக்கு அடுப்பு மூட்டுமுன், குடத்திலுள்ள நீர் தூயதா என்று பாருங்கள்.