அபயம் கேட்டவர்கள்

பட்டுக்கும் கோயிலுக்கும் பேர்போன காஞ்சிபுரத்துக்கு இன்னொரு சரித்திரமும் உண்டு. தெய்வங்களே அகதிகளாக வெளியேறிய ஊர் அது.

1688-ஆம் வருஷம். ஔரங்கசீப்பின் சேனை வருகிறது என்று ஊர் கலங்கிற்று. உற்சவ மூர்த்திகளைப் பிணம்போல் மூடி, பாடையில் வைத்து வெளியே கொண்டுபோனார்கள் என்று சொல்வதுண்டு. வரதராஜருக்கு உடையார்பாளையம் ஜமீன் இடம் தந்தது. 22 வருஷம் அங்கே இருந்தார். அபாயம் நீங்கிய பிறகு, 1710-இல், ஆத்தான் ஜீயரின் முயற்சியாலும் லாலா தோடர்மல்லின் உதவியாலும் ஊர் திரும்பினார். கோயில் கல்வெட்டு அதைச் சொல்கிறது. பெருமாளைத் திருப்பிக் கொடுக்க உடையார்பாளையத்தாருக்கு மனம் வரவில்லையாம்! பங்காரு காமாட்சியோ திரும்பவே இல்லை. தஞ்சாவூர் மேலவீதியிலேயே கோயில் கொண்டுவிட்டாள்.

ஒருவர் திரும்பினார், ஒருத்தி தங்கினாள். இரண்டும் அடைக்கலத்தின் நியாயமான முடிவுகள்தாம். அநியாயமான முடிவு மூன்றாவது ஒன்று உண்டு. அபாயம் தீருமுன், ‘வந்த வழியே போ’ என்று சொல்வது.

காஞ்சித் தூப்புலில் 1268-இல் பிறந்த வேதாந்த தேசிகர் இந்த விஷயத்துக்காகவே ஒரு நூல் செய்தார்: ‘அபயப்பிரதான சாரம்’. விபீஷண சரணாகதிதான் அதன் பொருள். பகைவனின் தம்பி வந்து நிற்கிறான். வேவு பார்க்க வந்தவனாக இருந்தால் என்ன செய்வது என்று சுக்ரீவன் பதறுகிறான். அந்தப் பயத்தில் தவறில்லை. ஆனால் அந்தப் பயத்தையும் கேட்டுக்கொண்டு ராமன் அபயம் தந்தானே, அதிலல்லவா பெருமை!

நம் காலத்தில் இதே சோதனை தமிழ்நாட்டுக்கு வந்தது. 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. உயிர் தப்பியவர்கள் கடல் தாண்டி ராமேசுவரத்தில் வந்திறங்கினார்கள். அடுத்த முப்பது வருஷங்களில் 3 லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். முதலில் ஊரே அவர்களை அணைத்துக்கொண்டது.

1991 மே 21 அன்று, காஞ்சிக்குப் பக்கத்திலுள்ள ஸ்ரீபெரும்புதூரில், ராமாநுஜர் பிறந்த அந்த ஊரில், விடுதலைப் புலிகளின் வெடிகுண்டுக்கு ராஜீவ் காந்தி பலியானார். கொலை செய்தவர்கள் மேல் விழவேண்டிய கோபம் முகாம்களில் கிடந்த குழந்தை குட்டிகள் மேலும் விழுந்தது. சுக்ரீவனின் பயம் இப்போது நாடு முழுவதையும் பிடித்துக்கொண்டது. 1992 ஜனவரியில் அகதிகளைத் திருப்பி அனுப்பத் தொடங்கினார்கள். அங்கே யுத்தம் ஓயவில்லை.

‘விருப்பப்பட்டுத்தான் போகிறார்கள்’ என்றது அரசாங்கம். கையெழுத்து வாங்கிய படிவம் ஆங்கிலத்தில் இருந்தது என்று புகார் எழுந்தது. படிக்கத் தெரியாத காகிதத்தில் போட்ட கையெழுத்து விருப்பமாகுமா? பழ. நெடுமாறனும் டாக்டர் ராமதாசும் சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1951-ஆம் வருஷத்து அகதிகள் ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடவில்லை. ஆகவே பிடித்துக்கொள்ளச் சட்டம் அதிகமில்லை. ஆனாலும் ஐ.நா. அகதிகள் ஆணையம் சென்னையில் அலுவலகம் திறந்து, போகிறவர்களை நேரில் கண்டு சம்மதம் விசாரிக்க வழி பிறந்தது. 1995-க்குள் சுமார் 54,000 பேர் திரும்பினார்கள். மற்றவர்கள் தங்கினார்கள்.

அடுத்த வருஷம், 1996-இல், சுப்ரீம் கோர்ட் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து 1964-இல் வந்த சக்மா மக்களை அருணாசலப் பிரதேசத்திலிருந்து விரட்டப் பார்த்தார்கள். தேசிய மனித உரிமை ஆணையம் வழக்குத் தொடுத்தது. உயிர்வாழும் உரிமை குடிமக்களுக்கு மட்டும் உரியதல்ல, அவர்களைப் பலவந்தமாக வெளியேற்றாமல் காப்பது ராஜ்ய சர்க்காரின் கடமை என்று தீர்ப்பாயிற்று.

தங்கியவர்களின் கதை முடிந்துவிடவில்லை. 2019-இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கைத் தமிழருக்கு இடமில்லை. 2021-இல் தமிழ்நாடு அரசு, ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றிற்று. பெயர் மாறியது நல்லதுதான். ஆனால் முகாமிலேயே பிறந்து, முகாமிலேயே பிள்ளை பெற்றவளுக்கு, ஊர் எது?

வந்தவனுக்கு அன்றைக்குச் சோறு போடுவது கருணை. நமக்கே பயமும் கோபமும் வந்த நாளில், ‘உனக்குப் போகச் சம்மதமா?’ என்று அவனுக்குப் புரிகிற பாஷையில் கேட்டு, பதிலுக்குக் காத்திருப்பதுதான் அபயம்.