ஏட்டையாவின் முகமூடி

திருவண்ணாமலையில் கார்த்திகை தீபத்துக்கு மறுநாள் காலை. ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில், செங்கம் சாலையோரத்து டீக்கடை பெஞ்சியில் உட்கார்ந்திருந்தேன். மலையுச்சியில் தீபம் எரிந்துகொண்டுதான் இருந்தது. அது பதினோரு நாள் எரியும். ஊரை நிறைத்திருந்த ஜனங்கள்தாம் வடிந்துகொண்டிருந்தார்கள். பந்தோபஸ்துக்கு வந்திருந்த போலீசாரும் புறப்படத் தயாரானார்கள். எதிரே நின்ற ஒரு போலீஸ் வண்டியில் கேடயங்களுக்கும் லத்திகளுக்கும் நடுவே ஒரு ரப்பர் முகமூடி தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு பெரிய கண்ணாடிக் கண்கள். மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தகர டப்பா. கண்ணீர்ப்புகை போடும்போது போலீசார் மாட்டிக்கொள்வது.

"அது எல்லார் கன்னத்துலயும் ஒட்டாதுங்க" என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்.

அவரை அந்தத் தெருவில் எல்லோரும் ஏட்டையா என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆயுதப்படையில் இருபத்தெட்டு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு ஒரு சின்ன அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, காலையும் மாலையும் ஆசிரமத்து ஹாலில் போய்க் கண்ணை மூடி உட்காருகிறார். எந்தப் படை, எந்த ஊர் என்று எழுதக் கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை. ஒப்புக்கொண்டேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் பயிற்சிக்காக ஓர் அறையில் கண்ணீர்ப்புகையை நிரப்பி, முகமூடியை மாட்டி உள்ளே அனுப்புவார்களாம். உள்ளே போனதும் முகமூடியைக் கழற்றித் தன் பெயரையும் நம்பரையும் உரக்கச் சொல்லிவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். நம் ஏட்டையாவுக்குக் கழற்ற வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. ஒட்டிய கன்னம் அவருக்கு. ரப்பர் விளிம்புக்கும் கன்னத்துக்கும் நடுவில் ஒரு விரல் நுழைகிற சந்து. முகமூடி மாட்டியிருக்கும்போதே கண்ணீரும் மூக்குநீரும் வழிந்தன.

"ஆனா ஒண்ணு சார். அதை மாட்டினதும் என் மூச்சு எனக்கே கேட்டுது. அதுவரைக்கும் இருபத்தி ரெண்டு வருஷமா மூச்சு விட்டுக்கிட்டிருந்தேன், ஒரு நாளாவது கேட்டிருப்பேனா? இங்கே மூச்சைக் கவனின்னு சொல்றாங்க பாருங்க, எனக்கு அந்தப் பாடம் அன்னைக்கே ஆரம்பமாயிட்டுது."

சொல்லிவிட்டு டீ கிளாஸைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு அந்த முகமூடியின் ஜாதகத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை பற்றிக்கொண்டது. கதை எழுதுகிறவனுக்கு இது ஒரு வியாதி. கிடைத்த புத்தகங்களையெல்லாம் படித்தேன். அந்த ஜாதகத்தின் முதல் கட்டத்திலேயே நம் நாட்டுச் சிப்பாய்கள் இருந்தார்கள்.

1915 ஏப்ரல் 22. பெல்ஜியத்தில் ஈப்ர என்ற ஊருக்கு வெளியே ஜெர்மானியர் ஆயிரக்கணக்கான உருளைகளைத் திறந்து குளோரின் வாயுவைக் காற்றில் விட்டார்கள். ஏற்பாட்டை மேற்பார்த்தவர் ஃப்ரிட்ஸ் ஹாபர்; காற்றிலிருந்து உரம் செய்ய வழி கண்டு பிற்பாடு நோபல் பரிசு வாங்கிய அதே ரஸாயன சாஸ்திரி. பச்சையும் மஞ்சளுமான மேகம் தரையோடு தரையாக ஊர்ந்து வந்து பதுங்குகுழிகளை நிரப்பியது. குளோரின் காற்றைவிடக் கனமானது. ஒளிந்திருப்பவனைத்தான் அது முதலில் தேடிப் பிடிக்கும்.

நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 26-ஆம் தேதி, இந்தியப் படையின் லாகூர் டிவிஷன் அங்கே தாக்குதலுக்கு அனுப்பப்பட்டது. அவர்களிடம் துப்பாக்கி இருந்தது, கத்தி இருந்தது, முகமூடி இல்லை. வாயு வந்தபோது என்ன செய்தார்கள் தெரியுமா? கைக்குட்டையையும் தலைப்பாகைத் துணியையும் நனைத்து மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டார்கள். தண்ணீர் கிடைக்காத இடத்தில் சிறுநீரில் நனைப்பது என்பது அந்த யுத்தகளத்தில் எல்லாப் படைகளும் கற்றுக்கொண்ட வித்தை. அருவருப்பாக இருக்கிறதா? குளோரின் நீரில் கரையும் என்பதால் ஈரத்துணிக்கு அதைத் தடுக்கும் சக்தி ஓரளவு உண்டு. ஆகவே உலகத்தின் முதல் யுத்த முகமூடிகளில் ஒன்று நம்மவர் தலையில் கட்டியிருந்த துணி என்று சொன்னால் மிகையில்லை.

அன்று மீர் தஸ்த் என்ற பட்டாணிய ஜமேதார், அதிகாரிகள் பலர் விழுந்த பிறகு சிதறிப்போன ஆட்களைத் திரட்டி இருட்டும்வரை தாக்குப் பிடித்தார். காயம் பட்டுக் கிடந்த எட்டு அதிகாரிகளைத் தூக்கி வந்தார். அதற்காக விக்டோரியா கிராஸ் கிடைத்தது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் ஆகஸ்டு மாதம் பிரைட்டன் அரண்மனை ஆஸ்பத்திரிக்கு நேரில் வந்து குத்திவிட்டார். ஆனால் அவர் சுவாசித்த வாயு பதக்கத்துக்கெல்லாம் மயங்கவில்லை. உடம்பை விட்டுப் போகாமல் வெகு நாள் வாட்டியது. (இவருடைய சொந்தத் தம்பி மீர் மஸ்த் சில வாரங்களுக்கு முன்புதான் ஜெர்மானியர் பக்கம் ஓடிப் போயிருந்தார். நாவலில் எழுதினால் யாராவது நம்புவார்களா?)

அதற்குப் பிறகு முகமூடிகள் மளமளவென்று வந்தன. முதலில் பஞ்சுத் திண்டு, பிறகு தலை முழுவதையும் மூடும் ரஸாயனத் துணிப் பை, 1916-இல் கரியும் மருந்தும் நிரப்பிய டப்பா. இதில் கரி சமாசாரம் நம் வீட்டுச் சமாசாரம். கரியிலே நல்ல கரி கொட்டாங்கச்சிக் கரி. அதன் நுண்ணிய துளைகளில் விஷவாயு போய் ஒட்டிக்கொள்ளும். 1918-இல் அமெரிக்காவில் தேங்காய்க்குப் பஞ்சம் வந்தபோது, பீச் பழக்கொட்டையைத் தின்று எறியாதீர்கள், யுத்தத்துக்குக் கொடுங்கள் என்று ஊர் ஊராய்ப் பிரசாரம் செய்தார்கள். இருநூறு கொட்டைக்கு ஒரு முகமூடி என்பது கணக்கு. நாம் துவையல் அரைத்த கையோடு குப்பையில் போடும் சிரட்டை எத்தனை பேருடைய மூச்சு என்று நினைத்துப் பார்த்தேன்.

யுத்தத்துக்கு வெளியே இந்த வித்தையை யோசித்தவர்களும் உண்டு. கிளீவ்லாந்து நகரத்துக் கருப்பர் காரெட் மார்கன் 1914-லேயே தீயணைப்பவர்களுக்காக ஒரு புகை முக்காட்டுக்கு உரிமை வாங்கியிருந்தார். புகை மேலே எழும்பும், நல்ல காற்று தரையருகே இருக்கும் என்பதைக் கவனித்து, முக்காட்டிலிருந்து தரைவரை குழாயைத் தொங்கவிட்டார். சரக்கு நல்ல சரக்குதான். செய்தவர் கருப்பர் என்று தெரிந்தால் வாங்க மாட்டார்களே! ஆகவே வேறோர் ஆளை முதலாளியாக முன்னால் நிறுத்தி, இவர் செவ்விந்தியர் வேஷம் போட்டுக்கொண்டு புகைக் கூடாரத்துக்குள் போய்க் காட்டினார். 1916 ஜூலையில் ஏரிக்கடியில் தோண்டிய சுரங்கத்தில் வாயு வெடித்து ஆட்கள் சிக்கினார்கள். காப்பாற்ற இறங்கியவர்களும் திரும்பவில்லை. நடுராத்திரியில் மார்கனை எழுப்பி அழைத்து வந்தார்கள். அவரும் தம்பியும் முக்காட்டைப் போட்டுக்கொண்டு இறங்கிச் சிலரை உயிரோடு தூக்கி வந்தார்கள். பத்திரிகைகளில் படம் வந்தது. படத்தைப் பார்த்த பிறகுதான் அவர் நிறம் தெரிந்து, சில ஊர்களில் ஆர்டரை ரத்து செய்தார்களாம். மூச்சு முட்டும்போதுகூட மனிதனுக்கு ஜாதி மறப்பதில்லை.

யுத்தம் முடிந்ததும் விஷவாயுப் படைக்காரர்களுக்கு வேலை போகும் அபாயம் வந்தது. அமெரிக்காவில் அவர்கள் போலீசாரிடம் போய்க் கண்ணீர்ப்புகையைச் சிபாரிசு செய்தார்கள். 1921-இல் பிலடெல்பியாவில் திடகாத்திரமான இருநூறு போலீஸ்காரர்களைப் பொறுக்கி நிறுத்தி, புகைக்குண்டு வைத்திருக்கும் ஆறு பேரைப் பிடியுங்கள் பார்க்கலாம் என்றார்கள். மூன்று தடவை பாய்ந்தார்கள், மூன்று தடவையும் அழுதுகொண்டு ஓடினார்கள். ஜனங்கள்மேல் பிரயோகிக்கத் தகுந்த சரக்கு என்பதற்குப் போலீசாரின் கண்ணீரே அத்தாட்சியாயிற்று.

1925-இல் ஜெனீவாவில் தேசங்கள் கூடி யுத்தத்தில் விஷவாயு கூடாது என்று கையெழுத்திட்டன. 1993-இல் கையெழுத்துக்கு வந்த ரஸாயன ஆயுத ஒப்பந்தம் இன்னும் தெளிவாகப் பேசிற்று: கண்ணீர்ப்புகையை யுத்த முறையாகப் பிரயோகிக்கக் கூடாது, உள்நாட்டில் கலகம் அடக்க வைத்துக்கொள்ளலாம். எதிரிநாட்டுச் சிப்பாய்மேல் போடக் கூடாததைச் சொந்த ஊர்க் காலேஜ் பையன்மேல் போடலாம் என்று ஆகிறது. துப்பாக்கிக் குண்டைவிடப் புகை தேவலைதானே என்பார்கள். தேவலைதான். ஆனால் 1965 இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியில் நம் மாகாணத்தில் புகையும் போட்டார்கள், குண்டும் போட்டார்கள். 1942 ஆகஸ்டு 9-ஆம் தேதி பம்பாய்க் குவாலியா குளம் மைதானத்தில் அருணா ஆஸப் அலி கொடி ஏற்றியபோது வந்தது வெள்ளைக்காரன் புகை. 1976 முதல் குவாலியருக்குப் பக்கத்து டேகன்பூரில் எல்லைப் பாதுகாப்புப் படையின் தொழிற்சாலை செய்வது சுதேசிப் புகை.

இனி முகமூடிக்கு வருவோம். அதை வாங்கிப் பெட்டியில் வைத்தால் போதாது. ஆளுக்கு ஆள் முகம் அளந்து கொடுக்க வேண்டும். டப்பாவின் வாயை உள்ளங்கையால் பொத்தி மூச்சை இழுத்தால் ரப்பர் முகத்தோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டாவிட்டால் எங்கோ ஓட்டை. தாடி இருந்தால் ஒட்டாது. (சாதுக்கள் உலாவும் இந்தச் செங்கம் சாலையில் பாதிப் பேருக்கு அது பிரயோஜனப்படாது!) ரப்பர் நாளாவட்டத்தில் வெடிக்கும். டப்பாவுக்கு ஆயுள் உண்டு. மாட்டிக்கொண்டு ஓடிப் பழக வேண்டும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அது லேசான காரியமல்ல. 1995 மார்ச்சில் தோக்கியோ போலீசார் ஒரு மதக் கூட்டத்தாரின் விஷவாயுக் கிடங்கைச் சோதனை போடுமுன் ராணுவத்திடம் கவசம் வாங்கி மாட்டிப் பழகினார்கள். சோதனைக்கு இரண்டு நாள் முன்பு அந்தக் கூட்டத்தார் சுரங்க ரயிலில் ஸாரின் வாயுவை விட்டுப் பலர் உயிரைக் குடித்துவிட்டார்கள். பிறகு மலையடிவாரத்துக் கிடங்குக்குப் போன போலீசார் முகமூடியோடு கூண்டில் கானரிக் குருவிகளையும் ஏந்திக்கொண்டு போனார்கள். நிலக்கரிச் சுரங்கத்தில் கெட்ட காற்றுக்குக் காவல் வைத்த அதே குருவி.

இவ்வளவும் படித்துவிட்டு, சில நாள் கழித்து ஒரு மாலை ஏட்டையாவோடு கிரிவலப் பாதையில் நடந்தபோது ஒப்பித்தேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வந்தார். கொட்டாங்கச்சிக்குச் சிரித்தார்.

"போபால் சேதி வந்துதுங்களே, ஞாபகம் இருக்குதா?" என்றார் திடீரென்று.

யாருக்கு மறக்கும்? 1984 டிசம்பர் 2-ஆம் தேதி இரவு. யூனியன் கார்பைடு தொழிற்சாலையில் ஒரு தொட்டியிலிருந்து சுமார் 40 டன் விஷம் ஆவியாகி ஊர்மேல் இறங்கியது. ஆயிரக்கணக்கானோர் மடிந்தார்கள். ஓடு, ஓடு என்ற கூச்சல்தான். ஈரத்துணியால் முகத்தைப் பொத்திக்கொள் என்று சொல்ல ஆளில்லை. 1915-இல் சிப்பாய் தலைப்பாகையில் கற்ற பாடம் எழுபது வருஷத்தில் எங்கேயோ தொலைந்துவிட்டிருந்தது.

"அதுக்கு அப்புறந்தான் எங்க ஸ்டோர்ல முகமூடி இருக்குதுங்கற நெனப்பே பெரியவங்களுக்கு வந்தது. அடுத்த கோடையில ஒரு கிராமத்துல தூர்வாரக் கிணத்துல எறங்கினவன் விழுந்துட்டான். அவனைத் தூக்க எறங்கின தம்பிக்காரனும் விழுந்துட்டான். 'போபாலுக்கே இதுதான்யா மருந்து, மாட்டிக்கிட்டு எறங்கு'ன்னு என்னை அனுப்பிட்டாங்க."

பாதையில் ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டார்.

"மாட்டிக்கிட்டேன். கயிறு கட்டியாச்சு. அந்தப் பசங்களோட அம்மா என் பெல்ட்டைப் புடிச்சுக்கிட்டு, சாமி, சாமிங்குது. அப்போ கிணறு வெட்டற கிழவர் ஒருத்தர், 'இருய்யா'ன்னுட்டு ஒரு லாந்தரைக் கயித்துல கட்டி உள்ளே விட்டாரு. பாதிக் கிணத்துல அணைஞ்சுபோச்சு. ஏத்தி மறுபடி விட்டாரு. அதே எடத்துல அணைஞ்சுது. 'உன் மூஞ்சியில இருக்கறது காத்தை வடிகட்டுமா, காத்தை உண்டாக்குமா?'ன்னு கேட்டாரு."

கேள்வி அதுதான். கரி டப்பா காற்றிலுள்ள விஷத்தை வடிகட்டும். இல்லாத பிராணவாயுவைக் கொடுக்காது. நல்ல காற்றில் நூற்றுக்கு 21 பங்கு பிராணவாயு. 16 பங்குக்குப் பக்கத்தில் இறங்கினால் விளக்கு அணையும். 10-க்குக் கீழே போனால் மனிதன் கூப்பிடக்கூட நேரமின்றிச் சாய்ந்துவிடுவான். அங்கே முதுகில் காற்று உருளை கட்டியவன்தான் இறங்கலாம். (விளக்கை நம்பிக் கழிவுத் தொட்டியில் இறங்கிவிடாதீர்கள். அங்கே விளக்கு நன்றாக எரியும்போதே ஆளைக் கொல்லும் வாயு உண்டு. தீப்பிடிக்கும் வாயுவும் உண்டு.)

"எறங்கலை சார். ஜனங்க திட்டினாங்க. முகமூடி வெச்சிருக்கியே, எறங்கேண்டான்னாங்க. உருளையோட ஃபயர் சர்வீஸ் வந்து சேர ரெண்டு மணி நேரம் ஆச்சு. ரெண்டு பேரையும் மேலே எடுத்தாங்க. அந்த அம்மா என் பெல்ட்டை அப்பவும் விடலை."

சற்று நேரம் பேசவில்லை. பாதையில் யாரோ அருணாசலா என்று சொல்லிக்கொண்டு போனார்கள்.

"திரும்பிப் போய், முகமூடிப் பெட்டிமேல 'புகைக்கு மட்டும், கிணத்துக்கு ஆகாது'ன்னு சுண்ணாம்புல பெரிசா எழுதி வெச்சேன். இன்னொரு பைத்தியக்காரனை எறக்கிவிடக் கூடாதில்லே?"

"நல்ல காரியம் செய்தீர்கள்" என்றேன்.

"சர்க்கார் சாமானை அசிங்கப்படுத்தினேன்னு மெமோ கொடுத்தாங்க. எழுதினதை என்னையே அழிக்கச் சொன்னாங்க. அழிச்சேன். மெமோ அறையில பத்திரமா இருக்குது, நாளைக்குக் காட்டறேன், வாங்க."