சென்ட்ரல் கல்லூரிக்கு வந்த கையெழுத்துப் படி

மைசூர் வங்கி வட்டத்தைக் கடந்து நாள்தோறும் அலுவலகம் செல்லும் நம்மவர் பலர், சென்ட்ரல் கல்லூரியின் பழைய கற்கட்டடத்தைப் பேருந்தின் பலகணி வழியே கண்டிருப்பர். 1858-ஆம் ஆண்டில் உயர்நிலைப் பள்ளியாகத் தோன்றி, 1875-இல் இப்பெயர் பெற்ற கல்லூரி அது. மூதறிஞர் இராஜாஜி இங்குப் பயின்றே பட்டம் பெற்றார் என்பதைத் தமிழன்பர்கள் அறிவர். ஆயினும் அக்கட்டடத்தைக் காணுந்தோறும் எம் நினைவுக்கு வருவது வேறொன்று. 1911-ஆம் ஆண்டில் இக்கல்லூரிக் கணிதப் பேராசிரியர் ஒருவரின் மேசைக்குச் சென்னையிலிருந்து வந்து, திரும்பிச் சென்று, மீண்டும் வந்த ஒரு கையெழுத்துப் படியே அது. எழுதியவர் சீனிவாச இராமானுசன், பெற்றவர் எம். டி. நாராயண ஐயங்கார்.

முன்னவரை உலகமே அறியும். பின்னவரைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். வி. இராமசாமி ஐயர் என்னும் வருவாய்த் துறை அதிகாரி, 1907-இல் கணித அன்பர் சிலரை ஒன்றுகூட்டி நிறுவிய கழகமே பின்னர் இந்தியக் கணிதக் கழகமாயிற்று. 1909-இல் தொடங்கிய அதன் ஆய்விதழுக்கு முதல் ஆசிரியராக அமர்ந்தவர் நாராயண ஐயங்கார். 1927 வரை, ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகள், அப்பணியை அவர் ஆற்றினார். பிறர் எழுதியதைத் திருத்துவதோடு நின்றவரல்லர் அவர். ஒரு முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் மும்மூன்று கூறாக்கும் கோடுகள் சந்திக்கும் புள்ளிகள் ஒரு சமபக்க முக்கோணத்தை ஆக்கும் என்பது மோர்லி தேற்றம். அதற்கு அவர் 1909-இல் வெளியிட்ட நிறுவல், பிற்காலத்து வடிவியல் நூல்களிலும் போற்றி எடுத்தாளப்பட்டது.

இராமானுசனோ அப்போது கல்லூரித் தேர்வில் தோற்று, பட்டமின்றி, வேலையின்றி இருந்த இளைஞர். 1910-இல் திருக்கோவலூரில் துணைக் கலெக்டராக இருந்த இராமசாமி ஐயரிடம் சென்று, தாலுகா அலுவலகத்தில் ஓர் எழுத்தர் பணி வேண்டினார். குறிப்பேடுகளைப் புரட்டிப் பார்த்த ஐயர், இத்தகைய அறிவை வருவாய்த் துறையின் அடிப்படியில் அமர்த்தி அமிழ்த்த மனமின்றிச் சென்னை அன்பர்களிடம் அனுப்பிவைத்தார். (எழுத்தர் பணியிலேயே இருபது ஆண்டுகளைக் கழித்துவிட்ட நாம் இதனைப் படிக்குந்தோறும் புன்முறுவல் கொள்வதுண்டு.) நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவ் திங்கள்தோறும் ரூபாய் 25 உதவினார். பேராசிரியர் பி. வி. சேஷு ஐயர் வழியாக இராமானுசனின் வினாக்கள் 1911-இல் பெங்களூருக்கு வரத் தொடங்கின.

அவற்றுள் ஒன்றை நம் இல்லத்துச் சிறாரும் சுவைக்கலாம். ஒன்றுடன் இருமடங்கு ஒரு வர்க்கமூலத்தைக் கூட்டுக. அவ்வர்க்கமூலத்தினுள் ஒன்றுடன் மும்மடங்கு மற்றொரு வர்க்கமூலம். அதனுள் ஒன்றுடன் நான்மடங்கு இன்னொன்று. இவ்வாறு முடிவின்றிச் செல்க. முழுமைக்கும் வர்க்கமூலம் கண்டால் வரும் விடை யாது? இதழில் வினா வெளிவந்தது. திங்கள்கள் பல கடந்தன. விடை எழுதுவார் எவருமிலர். இறுதியில் இராமானுசனே எழுதினார். விடை 3. மூன்றின் வர்க்கம் 9. அது 1 + 2×4. நான்கின் வர்க்கம் 16. அது 1 + 3×5. ஐந்தின் வர்க்கம் 25. அது 1 + 4×6. இப்படியே போய்க்கொண்டிருக்கலாம்.

எவ்வளவு எளிமை! ஆனால் இங்கே ஒரு படி விடுபட்டிருக்கிறது. இதே முறையில் நான்கையும் பிரிக்க முடியும்: நான்கின் வர்க்கம் 16, அது 1 + 2×7½. ஏழரையின் வர்க்கம் 1 + 3×(221/12). இதுவும் முடிவின்றிச் செல்லும். அங்ஙனமாயின் விடை மூன்றா, நான்கா? அடுக்கு நீள நீள அதன் மதிப்பு மூன்றையே நெருங்கி நிற்கும் என்று தனியே நிறுவினாலன்றி ஐயம் தீராது. இராமானுசன் அந்தப் படியைத் தாண்டிச் சென்றுவிட்டார். விடை சரியே, வழியில் ஒரு பலகை இல்லை.

இதற்குக் காரணம் உண்டு. அவர் இளமையில் கற்ற நூல், கார் என்பவர் தொகுத்த கணிதச் சுருக்கம். ஏறத்தாழ 5,000 முடிபுகளை விரிவான நிறுவலின்றி அடுக்கிய நூல் அது. இரண்டாவது காரணம் வறுமை. தாளுக்குப் பொருளின்மையால் அவர் கற்பலகையில் கணக்கிட்டு, முழங்கையால் அழித்து, இறுதி முடிபை மட்டும் ஏட்டில் எழுதினார். ஆக, அவர் ஏட்டில் நின்றவை முடிபுகள்; வழியெல்லாம் அழிந்த பலகையோடு போயிற்று. ஆய்விதழோ வழியைத்தான் கேட்கும்.

இந்நிலையில்தான் பெர்னூலி எண்களின் பண்புகள் பற்றிய அவரது முதற்கட்டுரை நாராயண ஐயங்காரிடம் வந்தது. 1, 2, 3 எனத் தொடரும் எண்களின் அடுக்குகளைக் கூட்டும் வாய்பாடுகளில் வந்து நிற்கும் 1/6, 1/30, 1/42 முதலிய பின்னங்களே அவ்வெண்கள். முறைகள் புதியனவாகவும் மிகச் சுருங்கியனவாகவும் இருந்தன. எடுத்துரைப்பில் தெளிவு போதவில்லை. சாதாரண வாசகர் பின்தொடர இயலாது என்பதே ஐயங்காரின் கருத்து. வேண்டாமென்று ஒதுக்கியிருக்கலாம். பட்டமில்லாத ஒருவரை ஒதுக்கியதற்காக அன்று எவரும் அவரைக் குறை கூறியிரார். அவர் ஒதுக்கவில்லை. படி ஒருமுறைக்கு மேல் சென்னைக்குத் திரும்பியது. திருந்தித் திருந்தி வந்தது. 1911-ஆம் ஆண்டின் மூன்றாம் தொகுதியில் 219 முதல் 234 வரையுள்ள பக்கங்களில் அச்சேறியது.

அச்சான வடிவில் எட்டுத் தேற்றங்கள் உள்ளன. மூன்றுக்கு நிறுவல் உண்டு; இரண்டு பிறவற்றிலிருந்து பெறப்படுவன; மூன்று வெறும் ஊகங்கள். நிறுவாது விட்ட கூற்றுகளுள் ஒன்று பின்னர்ப் பிழையாயிற்று. பெர்னூலி எண்ணை அதன் வரிசை எண்ணால் வகுத்துச் சுருக்கினால் தொகுதியில் ஒன்றோ பகா எண்ணோதான் நிற்கும் என்றார் இராமானுசன். இருபதாம் எண்ணில் தொகுதி 174611. அதுவோ 283-ஐ 617-ஆல் பெருக்கி வருவது. மேதைக்கும் நிறுவல் தேவைப்படுகிறது என்பதற்கு எமக்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

இவ்விடத்தில் எம் சொந்தக் கதையொன்றைக் கூறுதல் பொருந்தும். தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகளைக் கொண்டு, நம் நகரில் பண்டு வாழ்ந்த தமிழ் வணிகர் பற்றிக் கட்டுரையொன்று வரைந்து, ஓர் ஆய்விதழுக்கு அனுப்பியிருந்தோம். அது திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் இரண்டே வினாக்கள்: கல்லைப் பார்த்துப் படித்தீரா, 1905-இல் ரைஸ் பதிப்பித்த தொகுதியைப் பார்த்துப் படித்தீரா? அவ்வணிகர் தமிழகத்திலிருந்து வந்தவர் என்பது எந்த வரியில் உள்ளது? சினம் பொங்கியது. பி.ஏ. படித்த எழுத்தன் என்பதால் இகழ்கின்றனரோ என்று மனையாளிடம் புலம்பினோம். அலுவலகத்தில் எம் வரைவு மும்முறை திரும்பினாலும் முகஞ்சுளியாத நாம், இதற்குச் சுளித்தோம். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கே சென்று கல்லின் முன் நின்றபோதுதான், தேசிமாணிக்கப்பட்டணம் என்ற பெயரை வைத்து நாம் கட்டிய மாளிகையில் பாதி எம் ஆசையால் எழுந்தது என்று விளங்கிற்று.

இராமானுசனுக்கு இத்தகைய தடை கூறுவோர் நல்லூழால் தொடர்ந்து வாய்த்தனர். 1912 மார்ச்சு முதல் நாள் ரூபாய் 30 ஊதியத்தில் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். அங்கு மேலதிகாரியாக இருந்த எஸ். நாராயண ஐயரும் கணிதப் பயிற்சி உடையவர். மாலை வேளைகளில் இருவரும் பலகையும் கையுமாக அமர்வர். நீர் எழுதும் இரண்டு படிகளுக்கிடையே பத்துப் படிகளேனும் எழுதினாலன்றி எம்மனோர்க்கு விளங்காது என்று அவர் வற்புறுத்துவாராம். 1913 ஜனவரி 16-இல் கேம்பிரிட்ஜுப் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதிய மடலில் இராமானுசன் நூற்றுக்கு மேற்பட்ட முடிபுகளை அடுக்கியிருந்தார். ஹார்டியும் முதலில் வேண்டியது நிறுவல்களையே.

இங்கிலாந்திலும் தடை நின்றபாடில்லை. காரணம் மட்டும் வேறு. மிகைபகு எண்கள் பற்றி 1915-இல் வெளிவந்த அவரது நீண்ட கட்டுரையின் ஒரு பகுதி, இலண்டன் கணிதக் கழகத்தின் பொருள் முட்டுப்பாட்டால் அச்சேறாமல் நின்றது. அது 1997-இல்தான் வெளிவந்தது.

சென்ட்ரல் கல்லூரி வேறொரு காட்சியையும் கண்டது. 1928 மார்ச்சு 16-இல் சர் சி. வி. இராமன் தம் புதிய ஒளிச்சிதறலைத் தென்னிந்திய அறிவியல் கழகத்தார் முன் விளக்கியது இக்கல்லூரியிலேதான். கண்டறிந்தது பிப்ரவரி 28. அவ்வுரை கட்டுரையாக அச்சேறியது மார்ச்சு 31. உருசிய நாட்டு அறிஞர் லாண்ட்ஸ்பெர்க்கும் மாண்டெல்ஷ்டாமும் பிப்ரவரி 21-லேயே படிகத்தில் அவ்விளைவைக் கண்டும், அவர்தம் கட்டுரை ஜூலையில்தான் வெளிவந்தது. 1930-ஆம் ஆண்டின் நோபல் பரிசு இராமனுக்காயிற்று. ஆகவே காலந்தாழ்த்தலே சிறப்பென்று நாம் கூற வரவில்லை. இராமன் விரைந்தது அச்சுக்கு மட்டுமே. ஒளிச்சிதறல் ஆய்வில் அதற்குமுன் ஏழாண்டு உழைத்திருந்தார். அவரும் 1907 முதல் பத்தாண்டுகள் மைய அரசின் நிதித் துறையில் கணக்குப் பார்த்தவர் என்பது எம்போன்றோர்க்கு ஒரு தனி மகிழ்ச்சி.

எம் தொம்மலூர்க் கட்டுரை இப்போது பதினான்கு பக்கத்திலிருந்து ஒன்பது பக்கமாகக் குறைந்திருக்கிறது. வணிகர் எங்கிருந்து வந்தனர் என்ற பத்தியை நீக்கிவிட்டோம். ஒரு கல்லில் சிதைந்த இரண்டு வரிகள் மட்டும் எஞ்சியுள்ளன. காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் மீண்டும் சென்று பார்த்தபின் அஞ்சலில் சேர்ப்போம்.