உள்ளே இருந்தவர்களை மட்டும் எண்ணினால்

ஆணுக்கு ஒரு எக்ஸ், ஒரு வை நிறமூர்த்தம் எண்டு பள்ளிக்கூடத்தில படிச்சிருப்பீங்கள். ஆனால் ஏறக்குறைய ஆயிரம் ஆண்களில் ஒருவருக்கு இன்னொரு வை கூடுதலாக இருக்கும். 1961இல் அமெரிக்காவில் முதலில் கண்டறியப்பட்டவர் ஒரு சாதாரண குடும்பஸ்தர். மகளுக்கு டவுன் சின்ட்ரோம் இருந்ததால் அவரையும் சோதித்தார்கள், அவ்வளவுதான். நடத்தையில் ஒரு குறையும் இல்லை.

1965இல் கதை மாறியது. ஸ்கொட்லாந்தின் கார்ஸ்டெயர்ஸில், ஆபத்தானவர்கள் எனக் கருதப்பட்ட மனநோயாளர்களை அடைத்து வைத்திருந்த வைத்தியசாலையில், பற்றீசியா ஜேக்கப்ஸின் குழு 197 ஆண்களைச் சோதித்தது. 7 பேருக்கு இரண்டு வை. உடனே ஒரு கணக்குப் போட்டார்கள்: வை கூடினால் ஆண்தன்மை கூடும், ஆண்தன்மை கூடினால் வன்முறையும் கூடும். 1966இல் சிக்காகோவில் 8 இளம் தாதியரைக் கொன்ற ரிச்சர்ட் ஸ்பெக்குக்கும் இரண்டு வை எண்டு பத்திரிகைகள் எழுதின. சோதனையில் அவருக்கு ஒரு வைதான் இருந்தது. ஆனால் பொய்தான் பாடப்புத்தகம் வரைக்கும் போனது.

பொஸ்டனில் பிறந்த ஆண் குழந்தைகளையே சோதிக்கத் தொடங்கினார்கள். அங்கேதான் ஒரு முக்கியமான கேள்வி எழுந்தது. "உங்கட பிள்ளைக்கு இது இருக்கு" எண்டு சொல்லிப்போட்டால், அவன் பொம்மையை உடைக்கும்போது அம்மா என்ன நினைப்பா? எதிர்ப்பு வலுக்க, 1975இல் அந்தச் சோதனை நின்றது.

அடுத்த வருடம் டென்மார்க்கிலிருந்து பதில் வந்தது. இம்முறை சிறையிலோ வைத்தியசாலையிலோ தேடவில்லை. ஊரில் இருந்த 4,139 உயரமான ஆண்களைச் சோதித்தார்கள். 12 பேருக்கு இரண்டு வை. அதில் 5 பேர் குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர்கள். மற்றவர்களை விட இது கூடின விகிதம்தான், மறைக்கத் தேவையில்லை. ஆனால் பெரும்பாலும் சின்னக் குற்றங்கள். வன்முறைக்கு அவர்கள் கூடுதலாகச் சாய்கிறார்கள் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. படிப்பில் பின்தங்கியதோடுதான் தொடர்பு தெரிந்தது. இப்படிப்பட்டவர்களின் ஆண் ஓமோன் அளவும் பொதுவாக வழமையானதே எண்டு பிறகு வந்த ஆய்வுகள் காட்டின.

கார்ஸ்டெயர்ஸின் எண்ணிக்கை பிழையில்லை. பிழை, மதிலுக்கு வெளியே வேலைக்குப் போய், பிள்ளை வளர்த்து, தனக்கு இரண்டு வை இருப்பதே தெரியாமல் வாழ்ந்தவர்களை ஒருத்தரும் எண்ணாததில். இண்டைக்கும் "அது அவன்ட இரத்தத்திலயே இருக்கு" எண்டு யாராவது சொன்னால், யாரையெல்லாம் எண்ணிப்போட்டுச் சொல்லுறீங்கள் எண்டு கேளுங்கோ.