மிலிட்டரிக்காரர் வீட்டு டிரங்குப் பெட்டி

ராசிபுரம் பக்கம் ஒரு காலனியில் 'மிலிட்டரிக்காரர் வீடு' என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட வழிகாட்டும். அந்த மிலிட்டரிக்காரர் இறந்து பல வருடங்கள் ஆகின்றன. ஆயாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. அதில் பாதியைச் சர்க்கரைக்கும் மூட்டுவலிக்கும் தனியார் மருந்துக்கடை எடுத்துக்கொள்கிறது. முன்னாள் படைவீரர் குடும்பத்துக்கென்று தனி மருத்துவத் திட்டம் இருப்பதை நாங்கள் சொன்னபோது, "இத்தன வருசமா யாருமே சொல்லல கண்ணு" என்றார். பிறகு பரணிலிருந்த டிரங்குப் பெட்டியை இறக்கச் சொன்னார். கணவரின் டிஸ்சார்ஜ் புத்தகமும் இரண்டு பதக்கங்களும் துணியில் சுற்றி உள்ளே இருந்தன.

யாருமே ஏன் சொல்லவில்லை? இதற்குப் பதில் தேடினால் இருநூறு வருட வரலாற்றுக்குள் போக வேண்டியிருக்கிறது.

1792இல் திப்பு சுல்தானோடு செய்த ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் சேலமும் பாராமகாலும் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் வந்தன. கம்பெனியின் மெட்ராஸ் படையில் பறையர்கள் கணிசமாக இருந்தார்கள். 1780இல் தொடங்கிய மெட்ராஸ் சாப்பர்ஸ் என்னும் பொறியாளர் படையில் பாலம் கட்டவும் சுரங்கம் தோண்டவும் கோட்டைச் சுவர் உடைக்கவும் நம் முன்னோர்கள் போனார்கள். ஊருக்குள் செருப்புப் போட்டு நடக்க முடியாதவனுக்குப் பட்டாளம் பூட்ஸ் கொடுத்தது, சம்பளம் கொடுத்தது, கடைசியில் பென்ஷனும் கொடுத்தது. மேற்கே மகர்களின் கதையும் இதுதான். அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சக்பால் ராணுவத்தில் சுபேதார். பாபாசாகேப் பிறந்ததும் 1891இல், மவ் ராணுவக் குடியிருப்பில்தான்.

அந்தக் கதவைத்தான் பிறகு சாத்தினார்கள். ராபர்ட்ஸ் பிரபு முதலில் மெட்ராஸ் படைக்கும், 1885 முதல் 1893 வரை இந்தியப் படை முழுமைக்கும் தலைமைத் தளபதியாக இருந்தவர். 'போர்க்குணமுள்ள இனங்கள்' என்ற கொள்கை அவர் காலத்தில்தான் ஆள்சேர்ப்பின் விதியானது. வடக்கிலும் வடமேற்கிலும் சில சாதிகளும் இனங்களும் பிறவி வீரர்கள் என்றும், தெற்கத்தியர்கள் சண்டைக்கு லாயக்கில்லாதவர்கள் என்றும் முடிவுகட்டினார்கள். மெட்ராஸ் காலாட்படை படிப்படியாகச் சுருங்கி, 1920களின் இறுதியில் முற்றிலும் கலைக்கப்பட்டது. 1890களின் தொடக்கத்தில் மகர்களைச் சேர்ப்பதும் நின்றது. ஓய்வுபெற்ற படைவீரரான கோபால் பாபா வலங்கர் மனு எழுதினார். 1910இல் சிவராம் ஜான்பா காம்ப்ளே லண்டனுக்கே மனு அனுப்பினார். வேலை கேட்டு எழுதிய மனுக்கள் மட்டுமல்ல இவை. ஒரு சாதியையே கோழை என்று அரசு எழுதிவைத்ததை எதிர்த்து எழுந்த குரல்கள்.

போர் வந்தால் மட்டும் இந்தக் கொள்கை மறந்துபோகும். முதல் உலகப் போரில், 1917இல், மகர்களுக்கு ஒரு படைப்பிரிவு கிடைத்தது. போர் முடிந்ததும் கலைத்தார்கள். இரண்டாம் உலகப் போரில் 1941இல் மகர் ரெஜிமென்ட்டும் 1943இல் சமார் ரெஜிமென்ட்டும் உருவாயின. மெட்ராஸ் ரெஜிமென்ட்டும் உயிர்பெற்றது. சமார் ரெஜிமென்ட்டை 1946இல் கலைத்துவிட்டார்கள். போருக்காகச் சேர்க்கப்பட்டுச் சில வருடங்களில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களுக்கு ஓய்வூதியம் கிடையாது. சிப்பாய்க்கு ஓய்வூதியம் கிடைக்கப் பதினைந்து வருடப் பணி வேண்டும்.

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டும். முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டம், அதாவது ஈ.சி.எச்.எஸ்., 2003 ஏப்ரல் 1இல் தொடங்கியது. ஓய்வூதியம்தான் இதற்கும் அடிப்படைத் தகுதி. இரண்டாம் உலகப் போர் வீரர்களைப் பின்னால் சேர்த்தார்கள். 2019இல்தான் அந்த முடிவு வந்தது. இருபது வயதில் போருக்குப் போனவர்களில் அதற்குள் எத்தனை பேர் மிஞ்சியிருப்பார்கள்?

தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்குப் போகும் குடும்பங்களில் பெரியப்பா சொல்வார், மாமா படிவம் நிரப்பித் தருவார். அந்தத் தொடர்ச்சி அறுக்கப்பட்ட சேரியிலிருந்து ஒருவர் தனியாகப் போய்வந்தால், அவர் கண்ணை மூடியதும் தகவலும் நின்றுவிடுகிறது. 2003க்கு முன் ஓய்வுபெற்றவர்கள் தாங்களாக விண்ணப்பித்தால்தான் உறுப்பினராக முடியும். அதற்குப் பின் ஓய்வுபெற்றவர்களுக்குத்தான் இது கட்டாயம்.

விண்ணப்பிப்பது கடினமல்ல. ஓய்வூதியம் பெறும் முன்னாள் வீரரோ குடும்ப ஓய்வூதியம் பெறும் கைம்பெண்ணோ ஈ.சி.எச்.எஸ். இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். டிஸ்சார்ஜ் புத்தகம், பி.பி.ஓ. என்னும் ஓய்வூதிய ஆணை, ஆதார், பான், புகைப்படம் தேவை. ஒருமுறை மட்டும் பங்களிப்புத் தொகை கட்ட வேண்டும். 1996 ஜனவரி 1க்கு முன் ஓய்வுபெற்றவர்களுக்கு அதுவும் இல்லை. கார்டு வந்ததும் சேலத்தில் உள்ள பாலிகிளினிக்கில் மருத்துவரைப் பார்த்து மருந்து வாங்கலாம். பெரிய சிகிச்சை என்றால் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைக்கு அவர்கள் எழுதித் தருவார்கள். அவசரத்தில் திட்டத்தில் இல்லாத மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால் 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தெரிவிக்க வேண்டும். இதை மறந்தால் செலவைத் திரும்பப் பெறுவது பெரும்பாடு.

உண்மையான சிக்கல் பெயரில் இருக்கிறது. ஆயாவுக்கு ஓய்வூதிய ஆணையில் ஒரு பெயர், ஆதாரில் வேறு பெயர். பல வீடுகளில் மனைவி, பிள்ளைகளின் பெயர் ராணுவப் பதிவிலேயே ஏறியிருக்காது. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாகப் பதிவு அலுவலகத்துக்கு எழுதித் திருத்த வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு. எல்லா மனுவிலும் படை எண்ணைக் குறிப்பிடுங்கள், ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். ஓய்வூதியமே இல்லாத குடும்பங்களை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலாவது சேர்க்க முயலுங்கள்.

ஆயாவின் திருத்த மனு போயிருக்கிறது. பதிலுக்குக் காத்திருக்கிறோம். தோழர்களே, கல்லூரி விடுமுறையில் ஊருக்குப் போகும்போது உங்கள் காலனியில் மிலிட்டரிக்காரர் வீடு எது என்று விசாரியுங்கள். பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கோழைகள் என்று எழுதப்பட்டவர்களின் வரலாறு அதற்குள் இருக்கிறது. அந்த வீட்டுக் கிழவியின் மருந்துச் செலவுக்கான வழியும் அதற்குள்தான் இருக்கிறது.